ஐரிஷ்காரர் கூட்டத்தில் ஓர் அறிவித்தல்

1

இன்னொருவனுடைய வீட்டையோ காரையோ பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதினால் உடனே நம்புவீர்கள். நான் பொறாமைப்பட்டது இன்னொருவனுடைய துக்கத்தைப் பார்த்து. மொன்றியலுக்கு வந்தபின் என்னைப் பிடித்த வியாதிகளில் இதுதான் மோசமானது. மூட்டுவலிக்காவது மாத்திரை இருக்கிறது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொள்கலன்களில் வந்திறங்கும் மீனையும் இறைச்சியையும் வைக்கிற குளிர்க் கிடங்கில் எனக்கு வேலை. அங்கே என்னோடு வேலை செய்பவன் டெக்லன். வட அயர்லாந்தின் டெரி நகரத்துக்காரன். இரண்டு பேரும் அறுபதை எட்டிப் பார்க்கிற வயது, இரண்டு பேருக்கும் பிரெஞ்சு வாயில் நுழையாது, அதனால் மதியச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை.

போன ஒக்டோபரில் ஒரு நாள் அவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வருடங்களுக்கும் முன்பு அவனுடைய ஊரில் உரிமை கேட்டு ஊர்வலம் போன சனங்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒரேயொரு முன்னாள் சிப்பாயும் அன்று விடுதலையாகிவிட்டார். ஆதாரம் போதாதாம்.

செய்தி கிடங்கு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் மேற்பார்வையாளர், பிறந்தது முதல் கியூபெக்கை விட்டு அதிகம் வெளியே போகாத மனிதர், வந்து டெக்லனின் தோளில் கை வைத்து “டெஸொலே, டெஸொலே” என்று பிரெஞ்சில் வருத்தம் சொன்னார். ஹெயிட்டிக்காரப் பெண்ணொருத்தி, பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவள், அந்தச் சம்பவத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொல்லிவிட்டுப் போனாள். லொறிச் சாரதி ஒருவருக்கு அதைப் பற்றிய பாட்டே தெரிந்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! எனக்கும் கவலைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவலைக்கு அடியில் வேறொன்று புகைந்துகொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் போகிற போக்கில் என் பக்கம் திரும்பினார். வருகிற குளிர்காலத்தில் மனைவியோடு இலங்கைக்குப் போகிறாராம். கிழக்குப் பக்கம், பாசிக்குடாவில் ஹோட்டல் பதிந்தாயிற்றாம். உன்னுடைய ஊர்ப் பக்கம் இவ்வளவு அழகென்று நீ ஒரு நாளும் சொல்லவில்லையே என்று செல்லமாகக் கோபித்தார்.

“ஓம், நல்ல கடல்” என்றேன்.

என் அண்ணனை ஏற்றிக்கொண்டு போன பாதை அந்தக் கடற்கரைக்குப் போகிற பாதைதான்.

2

டெக்லனிடம் என்னவெல்லாம் இருக்கிறது என்று நான் மனதுக்குள் அடுக்கிப் பார்த்திருக்கிறேன். கெட்ட பழக்கம், ஆனாலும் செய்திருக்கிறேன். அவனுடைய ஊரில் இறந்தவர்களின் முகங்களைச் சுவர்களில் வீட்டுயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க உல்லாசப் பயணிகள் பஸ்ஸில் வருகிறார்கள். பாட்டு இருக்கிறது, படம் இருக்கிறது, வருடா வருடம் தை மாதக் கடைசியில் ஊர்வலம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, அந்தப் பிரதமரின் பேச்சு இருக்கிறது.

முதலில் ஒரு நீதிபதி அவசர அவசரமாக விசாரித்துப் படையினருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனாராம். சனம் விடவில்லை. பல பத்து வருடங்கள் இழுத்து இன்னொரு விசாரணை நடந்தது. அதன் முடிவில் பிரிட்டிஷ் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, அன்று சுட்டதற்கு எந்த நியாயமும் கிடையாது, நாட்டின் சார்பில் வருந்துகிறேன் என்றார். டெரியில் சதுக்கத்தில் பெரிய திரை கட்டி அதைக் காட்டினார்கள். ஊர்வலத்தில் ஓடித் தப்பிய டெக்லனின் அப்பா, தள்ளாத வயதில் தடி ஊன்றிக்கொண்டு அந்தச் சதுக்கத்தில் நின்று கேட்டாராம்.

“கேட்டிட்டு வீட்ட வந்து என்ன செய்தவர் தெரியுமா? தேத்தண்ணி குடிச்சார். ரெண்டு கோப்பை. பிறகு படுத்து நித்திரை கொண்டார்” என்றான் டெக்லன்.

(அவன் பேசுவது ஆங்கிலம், அதுவும் பாதி விழுங்கிய ஆங்கிலம். இங்கே அவன் மட்டக்களப்பான் மாதிரிக் கதைத்தால் அது என் கைவரிசை.)

எங்கள் போர் முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் அந்தப் பேச்சு. நான் மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் வீட்டில், குளிரூட்டியில்லாத அந்த மூன்றாம் மாடியில், தொலைக்காட்சியில் பார்த்தேன். சதுக்கத்தில் சனம் கைதட்டி அழுதது. அப்போது டெக்லனை எனக்குத் தெரியாது. தெரியாத அந்தச் சனத்தின்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. என்னுடைய அப்பா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார், தேத்தண்ணி குடித்து நிம்மதியாகப் படுக்க ஒரு சொல்லும் கேட்காமல்.

3

என் அண்ணன் தவராசா. எங்கள் ஊர் மருதஞ்சேனையில் ‘தவம் சவுண்ட் சேர்விஸ்’ அவருடையது. இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்பிளிபயர், ஒரு லொறி பற்றரி, துணி சுற்றிய ஒரு மைக். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆனால் அவர் உண்மையில் ராசாவாக இருந்தது ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் குவியும்போது. கூட்டத்தில் தவறிப்போனவர்களை அழைக்கிற வேலை அவருடையது.

குழந்தைகள் மட்டுமல்ல, கள்ளுக் குடித்துவிட்டு எங்கேயாவது சாய்ந்துகிடக்கிற புருசன்மார்களையும் கூப்பிடுவார். “கட்டம் போட்ட சாரமும் பச்சைச் சேர்ட்டும் அணிந்த இன்னார் எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கி நிலையத்துக்கு வரவும். உங்கள் மனைவி உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.” கூட்டம் சிரிக்கும். ஆள் தலையைக் குனிந்துகொண்டு வருவார்.

அண்ணனிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, உடுப்பைச் சொல்லாமல் யாரையும் தேடக்கூடாது. பெயர் சொந்தக்காரருக்குத்தான் தெரியும், உடுப்பு எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும் என்பார். மற்றது, அறிவித்த பிறகு உடனே பாட்டுப் போடக்கூடாது. “ஆள் நடந்து வர நேரம் குடுக்க வேணாமா?” என்று கேட்பார். நான் பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்பேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலையில் அரசாங்கப் படையினர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். வந்த படைக்குப் பொறுப்பானவன் அண்ணனைப் பிடித்து, ஸ்பீக்கரைக் கட்டச் சொன்னான். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவும் என்று அறிவிக்கச் சொன்னான். முதுகில் துவக்கை வைத்துக்கொண்டுதான் சொன்னான். நான் வாழைத் தோட்டத்துக்குள் ஒளிந்திருந்தேன். அண்ணனின் குரலைக் கேட்டு எழும்பிப் போனேன். ஊரே அப்படித்தான் போனது.

மைதானத்தில் எங்களை வரிசையில் விட்டார்கள். ஜீப்பில் சாக்குப் போட்டு முகத்தை மூடி ஒருவனை இருத்தியிருந்தார்கள். தலையாட்டி. அவன் அசையாமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம், தலையை ஆட்டினால் லொறியில் ஏற வேண்டும். நான் முன்னால் போனபோது சாக்கு அசையவில்லை. கடைசியில் மைக்கை வைத்துவிட்டு அண்ணனும் வரிசையில் வந்தார். சாக்கு அசைந்தது. அவரை ஏற்றினார்கள், ஆம்பிளிபயரையும் ஏற்றினார்கள். இரண்டும் திரும்பி வரவில்லை.

4

கனடாவுக்கு வந்தபின் நடந்த அகதி விசாரணையில், விசாரித்த அம்மா நல்ல மாதிரித்தான் கேட்டார். எந்தப் படைப்பிரிவு? உடுப்பில் என்ன இலக்கம்? யார் கட்டளையிட்டது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பார்த்தது சாக்கில் இருந்த இரண்டு ஓட்டைகளை மட்டும். என்னை ஏற்றுக்கொண்டார்கள், அதற்கு இந்த நாட்டுக்கு நன்றி. ஆனால் தீர்ப்பில், தன் அண்ணன் கொண்டுசெல்லப்பட்டதாக இவர் கூறுகிறார் என்றுதான் இருந்தது. இன்றைக்கும் அது நான் கூறுவது மட்டும்தான். டெக்லனுடைய ஊரில் நடந்ததை இனிமேல் எவரும் ‘அவர்கள் கூறுகிறார்கள்’ என்று எழுத முடியாது. என் பொறாமையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதில் என் மகள் வேறு எண்ணெய் ஊற்றினாள். அபி கல்லூரியில் முதலாம் வருடம். வரலாற்றுப் பாடத்துக்கு, படையினர் பொதுமக்களை நடத்திய விதம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். எழுதியது டெரியைப் பற்றி! என்னிடம் டெக்லனின் இலக்கத்தை வாங்கி, அவனைப் பேட்டியும் கண்டிருக்கிறாள். நல்ல புள்ளி கிடைத்ததென்று பிரெஞ்சில் துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள்.

“உங்கட பெரியப்பாவப் பற்றி எழுதியிருக்கலாமே” என்றேன்.

“அப்பா, அதுக்குக் குறைஞ்சது மூண்டு ஆதாரம் காட்டோணும். எங்க இருக்கு?” என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, “உங்களிட்டக் கேட்டா நீங்க டிவி சத்தத்தக் கூட்டுவீங்க” என்றாள்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது, நான் சத்தத்தைக் கூட்டவில்லை.

அடுத்த நாள் இதை டெக்லனிடம் கொட்டிவிட்டேன், பொறாமையையும் சேர்த்து. உனக்கு வாய்த்த சாவுகள் அதிர்ஷ்டம் செய்த சாவுகள் என்று சொன்னேன். சொன்னவுடன் நாக்கைக் கடித்தேன். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் பாணைக் கடித்துக்கொண்டு யோசித்தான்.

“நான் இங்கிலாந்தில கட்டட வேலை செய்தனான்” என்றான். “அங்க இருந்த பொடியன்மாருக்கு ஒண்டும் தெரியாது. அயர்லாந்தில ஆமி நிண்டதோ எண்டு கேட்டவனும் இருக்கிறான். தெரிஞ்சவன், நீங்க குண்டு வச்சீங்க, அவங்க அமைதி காக்க வந்தவங்க எண்டான். அந்த லொறிக்காரருக்கு என்ட ஊர் தெரியும் எண்டு நினைக்கிறாய். அவருக்குத் தெரிஞ்சது பாட்டு.”

“பாட்டாவது தெரியுமே.”

“தெரிஞ்சு? எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகுதான் போன கிழமை அந்தச் சிப்பாய விட்டவங்கள்.”

அவன் சொன்னது நியாயம். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. உலகம் பார்த்துக்கொண்டிருக்க நீதி மறுக்கப்படுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். எங்களுக்கு மறுக்கவும் ஒரு நீதிமன்றம் கூடவில்லை.

சில நாட்கள் கழித்து அவன் பழைய பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கைபேசியில் கொண்டுவந்து காட்டினான். எண்பதுகளில் முன்னாள் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சிலர் கூலிக்கு இலங்கைக்கு வந்து, எங்கள் பகுதியில் நின்ற அரசாங்கப் படைக்குப் பயிற்சி கொடுத்த கதை. ஊரில் வெள்ளைக்காரர் வந்து போனதாகப் பேச்சு இருந்தது, நாங்கள் அதை அரைகுறையாகத்தான் நம்பினோம். அவர்களில் அயர்லாந்தில் நின்றவர்களும் இருந்தார்களாம். கவச வண்டிக்குள் ஆளை ஒளித்து வைத்து, துவாரத்தால் பார்த்து ஆள்காட்ட விடுகிற வேலை தன் ஊரிலும் நடந்ததென்று அப்பா சொல்லுவார் என்றான் டெக்லன்.

“என்ட தெருவில பழகினதக் கொண்டுபோய் உன்ட தெருவில வித்திருக்கிறாங்கள்” என்றான்.

அன்றைக்கு முதல்தடவையாக, அவன் காசை எடுக்கும் முன்பே அவனுடைய கோப்பிக்கு நான் காசு கொடுத்தேன்.

5

மார்கழியில் டெக்லன் ஒரு விசயம் கேட்டான். புவான்ட்-செயின்ட்-சார்ல்ஸில் ஒரு தேவாலய மண்டபத்தில், தை மாதக் கடைசியில் இங்குள்ள டெரிக்காரர் சிலர் வருடா வருடம் கூடுகிறார்கள். இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, தேத்தண்ணி குடித்துக் கலைகிற சின்னக் கூட்டம். இந்த முறை தங்கள் பெயர்கள் முடிந்தபின் உன் அண்ணனின் பெயரையும் வாசிக்கலாமா என்று கேட்டான்.

எங்களவர் அல்லாத ஒருவர், ஒரு சபையில், அண்ணனின் பெயரை ஒருமுறை சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். பிரதமர் வேண்டாம், பெரிய திரை வேண்டாம். ஆனாலும் உடனே ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. முடிவு சொல்ல வேண்டியவன் நானல்ல.

சனிக்கிழமை காலையில் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன், அண்ணனின் மனைவிக்கு. ஊரில் அது பொழுதுபடுகிற நேரம். வீதியோரப் போராட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு இருந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தா. விசயத்தைச் சொன்னேன்.

“அவங்க வாசிக்கிறது செத்தவங்கட பேரா, மச்சான்?”

“ஓம்.”

“அதோட சேத்து வாசிக்க வேணாம்.”

“மரியாதையாத்தான் வாசிப்பாங்க, மச்சாள்.”

“அவங்க நல்ல மனுசராத்தான் இருப்பாங்க. மரணச் சான்றிதழ் தாறம் எண்டு அரசாங்கக் கச்சேரியில இருந்து வந்தவங்களும் நல்லாத்தான் கதைச்சாங்க. ஒரு கையெழுத்து வச்சாக் காணுமாம், ஏதோ உதவியும் வருமாம். நான் வைக்கல்ல. இப்ப அங்க செத்தவர் எண்டு வாசிச்சுப்போட்டா, நெத்தியில இருக்கிற இந்தப் பொட்ட நான் என்ன செய்ற, சொல்லுங்க?”

டெக்லனின் ஆட்களிடம் உடல் இருந்தது, பெட்டி இருந்தது, புதைத்த இடம் இருந்தது. அவர்களுடைய வரிசையில் நிற்பதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. அந்தத் தகுதி எங்களிடம் இல்லை. அதுவும் ஒரு பொறாமையா என்று கேட்டால், ஓம், அதுவும்தான்.

டெக்லனிடம் வேண்டாம் என்றேன், காரணத்தையும் சொன்னேன். அவன் வற்புறுத்தவில்லை. “தேத்தண்ணிக்காவது வா” என்றான்.

6

போனேன். அபியும் வந்தாள், தன் கட்டுரையில் வந்த மனிதர்களைப் பார்க்க அவளுக்கு ஆசை. மெட்ரோவில் இறங்கி, பனிக்குள் புதைந்து புதைந்து நடந்து போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் நரைத்த தலைகள் முப்பதுக்குள் இருக்கும். மேசையில் முட்டை சான்விச், பின்வரிசையில் ஈரச் சப்பாத்துகள். கதவை இறுக்கிச் சாத்தி, கீழே குளிர் வராமல் துணி சுருட்டி வைத்திருந்தார்கள்.

பெயர்கள் வாசிக்கத் தொடங்கியபோது மைக் கீச்சிட்டது. டெக்லன் தட்டினான், இன்னும் கீச்சிட்டது. காதைப் பொத்திக்கொண்டார்கள். வயதான பெண்ணொருத்தி ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படிப் பிடித்தால் எந்த மைக்கும் கத்தும். என்னால் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்ப் பெட்டியைச் சனத்தின் பக்கம் திருப்பி, மைக்கை அதன் பின்னால் நகர்த்தி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். அவள் பெயர்களை வாசித்தாள். ஒவ்வொரு பெயரும் மண்டபத்தின் கடைசி வரை தெளிவாகப் போனது. ஒவ்வொரு பெயருக்கும் தலைகள் குனிந்தன.

முடிந்ததும் அவள் நன்றி சொல்லி மைக்கை என் கையில் தந்தாள், அணைத்து வைக்கத்தான் தந்தாள். மைக் சூடாக இருந்தது. ஊரை விட்டு வந்தபின் நான் ஒரு மைக்கைக் கையில் பிடித்தது அன்றைக்குத்தான். அணைக்கப் போன விரல் அணைக்கவில்லை.

“அன்பான அடியார்களே” என்று தொடங்கிவிட்டேன். அண்ணன் அப்படித்தான் தொடங்குவார். “மட்டக்களப்பு, மருதஞ்சேனையைச் சேர்ந்த சின்னத்தம்பி தவராசா, நீலக் கோடு போட்ட சேர்ட்டும் வெள்ளைச் சாரமும் அணிந்தவர், எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கி நிலையத்துக்கு வரவும். உங்கள் மனைவி உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.”

மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை குரல் உடைந்துவிட்டது. மைக்கை அணைத்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வயதான பெண், என்ன சொன்னார் என்று அபியிடம் கேட்டாள். அபி அழுதுகொண்டிருந்தாள், அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. அவள் அவர்களுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னாள், சேர்ட்டின் நிறம் உட்பட. ‘இவர் கூறுகிறார்’ என்று சொல்லவில்லை. கடைசியில், “இப்ப கொஞ்சம் பொறுக்கோணும். அவர் நடந்து வர நேரம் வேணும்” என்று சேர்த்தாள். அதை எப்போது அவளுக்குச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

ஒருவரும் தேத்தண்ணிக்கு எழும்பவில்லை. டெக்லன் மட்டும் எழும்பி நடந்து போனான். துணியைக் காலால் தள்ளிவிட்டு, கதவை அகலத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றான். தை மாதக் குளிர் மண்டபத்துக்குள் வந்தது. மேல்சட்டைகளை இழுத்துப் போர்த்துக்கொண்டார்கள். கதவைச் சாத்து என்று யாரும் சொல்லவில்லை.

7

மறுநாள் காலை மச்சாளுக்கு எடுத்துச் சொன்னேன். செத்தவர்களோடு சேர்க்கவில்லை, கூப்பிட மட்டும் செய்தேன் என்றேன். கதவைத் திறந்து வைத்ததையும் சொன்னேன்.

“என்ன உடுப்பெண்டு சொன்னீங்க?”

“நீலக் கோடு போட்ட சேர்ட், மச்சாள்.”

“ஐயோ, அது இல்ல” என்றா. “அண்டைக்கு உடுத்தது வெள்ளைச் சேர்ட். கொலரில மை பட்டது. நான்தானே எடுத்துக் குடுத்த. பிழையாச் சொன்னா ஆக்களுக்கு எப்படி மச்சான் ஆள அடையாளம் தெரியும்? அடுத்த வருசம் சரியாச் சொல்லுங்க.”

சரியாகச் சொல்கிறேன் என்றேன்.